ஸ்டேட்டஸும் ஒரு செய்முறை

1

சித்தப்பா இறந்து ஒரு வருடம் நிறைந்ததற்கு மறுநாள், அண்ணன் எனக்கு வேலை நேரத்தில் போன் செய்தார். நான் இருப்பது நியூசிலாந்தின் தென்கோடியில், இன்வர்கார்கில் என்கிற ஊரில். அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் என்றால் போடிநாயக்கனூரில் அப்போதுதான் பொழுது விடியும். அந்த நேரத்தில் ஊரிலிருந்து அழைப்பு வந்தால் சாவுச் செய்தியோ என்றுதான் தோன்றும். வெளிநாட்டில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வெளியே ஓடினேன்.

"என்னண்ணே, யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்லத்தா. சங்கவிகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு. சித்தப்பாவுக்கு ஒரு ஸ்டேட்டஸ் போட்டுவிடச் சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பா."

"இதுக்கா விடிஞ்சும் விடியாம போன் பண்றீக?"

"எனக்கு எங்கிட்டு விடிஞ்சுச்சு? நேத்து எடுத்த காய் அப்படியே சாக்குல கெடக்கு. பாண்டி மெஷின் காலி இல்லைங்கிறான். நீ வெரசா சொல்லு."

விவரம் சொல்லிவிடுகிறேன். அண்ணன் முருகேசனுக்குப் போடிமெட்டைத் தாண்டி, கேரளப் பக்கத்தில் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. குடும்பம் போடியில், அவர் வாரத்தில் பாதி நாள் மலையில். சங்கவி அவருடைய ஒரே மகள், பிளஸ் டூ படிக்கிறாள். பாண்டி, இறந்துபோன அந்தச் சித்தப்பாவின் மகன். அவனுக்கும் வீடு போடியில்தான். ஆனால் மலையில் அண்ணன் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் வைத்திருக்கிறான். அண்ணன் மாதிரி சின்னத் தோட்டக்காரர்களுக்குச் சொந்த ஸ்டோர் கிடையாது. பறித்த காயை அன்றைக்கே பாண்டியின் மெஷினில் போட்டாக வேண்டும். போடவில்லை என்றால் சாக்குக்குள்ளேயே புழுங்கி, பச்சை போய் வெளுத்துவிடும். வெளுத்த காயை ஏலத்தில் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வாட்சப்பில் வீடியோ போடாததற்கும் ஏலக்காய் வெளுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பீர்கள். போடிக்காரர்கள் கேட்க மாட்டீர்கள்.

2

எங்கள் பக்கத்தில் செய்முறை என்பது விளையாட்டு அல்ல. காதுகுத்து, கல்யாணம், சடங்கு, புதுவீடு என்று எதுவானாலும் நீ எனக்குச் செய்ததை நான் உனக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும். குறைந்தால் பேச்சு வரும். மறந்தால் பேச்சே நின்றுவிடும். இதைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. நான் விமானம் ஏறியபோது இல்லாத ஒன்று இப்போது அதில் சேர்ந்திருக்கிறது. அதுதான் ஸ்டேட்டஸ்.

பிறந்தநாளுக்கு ஒன்று. திருமண நாளுக்கு ஒன்று. குழந்தைக்கு மொட்டை போட்டால் ஒன்று. புது ஜீப்பு வாங்கினால் மாலை போட்ட ஜீப்போடு ஒன்று. செத்தவர்களுக்கு நினைவு நாளில், படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிற மாதிரி, பூ விழுகிற மாதிரி ஒன்று. வெறும் போட்டோவை மட்டும் வைத்தால் அது அவமானம். "ஒரே ஒரு போட்டோவா வச்சாக?" என்று கேட்பார்கள். பாட்டு வேண்டும், நாலைந்து படங்கள் மாறி மாறி வர வேண்டும், பெயர் தங்க எழுத்தில் மின்ன வேண்டும். யார் முதலில் வைத்தார்கள், யார் சாயங்காலம் வைத்தார்கள், யார் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்கள் என்பதெல்லாம் மனதில் நிற்கும்.

சரி, இதையெல்லாம் யார் செய்கிறார்கள்? பெரியவர்களுக்குச் செய்யத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் மொத்தமும் சங்கவியின் தலையில்தான் விடிந்தது. எட்டாவது படிக்கும்போது விளையாட்டாக ஒரு வாழ்த்து வீடியோ செய்தாள். அன்றிலிருந்து அவள்தான். அப்பா போனில் வைக்க ஒன்று, அம்மா போனுக்குக் கொஞ்சம் மாற்றி இன்னொன்று, அண்ணன் மனைவி, என் மதினி பிறந்த ராசிங்காபுரத்திலிருந்து மாமாமார்கள் கேட்டால் அவர்களுக்கு ஒன்று. "எங்க சங்கவி போட்டா அது தனித்தா" என்று எல்லோரும் மெச்சுவார்கள். மெச்சினால் போதும், கூலி கேட்காமல் பிள்ளை செய்துகொண்டே இருக்கும் என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

அவள் கைப்பேசியை எப்போது பார்த்தாலும் மதினி சத்தம் போடுவார்: "எந்நேரமும் போனு! அத வச்சுட்டுப் படியேன்!" அடுத்த மூச்சில், "நாளைக்கு உங்க பெரிய மாமாவுக்குக் கல்யாண நாளு, மறந்துறாத" என்பார். இரண்டு வாக்கியமும் ஒரே வாயிலிருந்து வருவதை நான் வீடியோ அழைப்பில் என் காதால் கேட்டிருக்கிறேன்.

3

இங்கே என் பாடு வேறு மாதிரி. இந்த நாட்டில் பள்ளி நேரத்தில் மாணவர்கள் கைப்பேசியைத் தொடக்கூடாது என்று அரசு உத்தரவு. நல்ல உத்தரவுதான். ஆனால் உத்தரவு வந்தால் பின்னாலேயே பயிற்சியும் வரும். மாணவர்களுக்கு நல்ல இணையப் பழக்கங்களைக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கு ஒரு இணையவழிப் பாடம் வைத்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காணொளி, முடிவில் கேள்விகள். ஒரு விடை தப்பினால் காணொளியை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். ஓட்டிவிடவும் முடியாது. 'திரைக்கு முன் இருக்கும் நேரத்தைக் குறைப்பது' என்ற பகுதிக்காக ஒரு முழு மாலையும் நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இந்த வேடிக்கையைச் சக ஆசிரியை ஹெலனிடம் சொன்னேன். அவள் சிரிக்காமல், "கருத்துப் பெட்டியில் எழுது, மேலே போகும்" என்றாள். எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று இயந்திரம் பதில் போட்டது.

பிறகு சுவரொட்டிகள் வந்தன. பெரிய எழுத்தில், 'உன் கைப்பேசி, உன் முடிவு'. அதை என் வகுப்பில் ஒட்டிவிட்டு, மாணவர்களோடு அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். பேசினேன். அறிவிப்பு ஒலிகளை அணைத்துவை. படுக்கும் அறைக்குள் கைப்பேசியைக் கொண்டுபோகாதே. பார்த்து முடித்ததும் மனசு எப்படி இருக்கிறது என்று உன்னையே கேள். கெட்டதாக இருந்தால் அந்தக் கணக்கைப் பின்தொடராதே. எல்லாம் சரியான யோசனைகள். நானே நம்புகிறவைதான்.

கடைசி வரிசையில் சமோவாக் குடும்பத்துப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "மிஸ், எனக்கு வருகிற செய்தியெல்லாம் என் சித்திகளிடமிருந்தும் சர்ச்சிலிருந்தும்தான். பதில் போடாவிட்டால் அம்மாவுக்குத் திட்டு விழும். இது யாருடைய முடிவு?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கேள்வி என்று சொல்லிவைத்தேன். டீச்சர்கள் மாட்டிக்கொண்டால் சொல்கிற பதில் அதுதான். சங்கவிக்கும் அதே கதைதான் என்று அந்த நிமிடம் எனக்கு உறைத்தது.

4

காலாண்டுத் தேர்வில் சங்கவி இயற்பியலில் தேறவில்லை. கணக்கிலும் இறங்கியிருந்தாள். விவசாயக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பாவின் தோட்டத்தில் செடிகள் அழுகல் நோயில் மடிவதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை அது. சும்மா பேச்சுக்குச் சொல்கிற ஆசை இல்லை. அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு கல்லூரி வாசலைக்கூட மிதிக்க முடியாது. அவளே எனக்குப் போன் செய்தாள்.

"அத்தை, படிக்க உக்காந்தா யாராச்சும் ஒருத்தருக்குப் பொறந்தநாளு. போட்டோ அனுப்புறாக, அது சரியில்லைன்னு வேற அனுப்புறாக. பாட்டு மாத்தச் சொல்றாக. முடிச்சு நிமுந்தா மணி பத்தாயிருது. அப்புறம் தூக்கம் வராம ரீல்ஸ் பாக்குறேன். அதுவும் என் தப்புதான். ஆனா மொதல்ல அந்தச் சோலி இல்லாட்டி நான் போனைக் கையிலயே எடுக்க மாட்டேன்."

இருவரும் போனிலேயே யோசித்தோம். பள்ளியிலிருந்து வந்ததும் கைப்பேசி குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஏறிவிட வேண்டும். பாடக் குறிப்பு வருகிற வகுப்புக் குழுவைச் சனிக்கிழமை மட்டும் பார்ப்பது. வீடியோ செய்கிற செயலியை நீக்கிவிடுவது. இதெல்லாம் அவளே சொன்னது. நான் தலையாட்டினேன், அவ்வளவுதான். சொல்லாமல் நிறுத்தினால் மரியாதைக் குறைவாகிவிடும், முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடு என்றது மட்டும் என் யோசனை. குடும்பக் குழுவில் அவள் இப்படிப் போட்டாள்: "பரீட்சை முடியும் வரை நான் யாருக்கும் ஸ்டேட்டஸ் செய்ய மாட்டேன். யாரும் தவறாக நினைக்க வேண்டாம்."

அடடா, அதற்கு வந்த வரவேற்பைப் பார்க்க வேண்டுமே! கட்டைவிரல்கள், இதயங்கள், பூங்கொத்துகள். "சூப்பர்டா குட்டி." "நல்லாப் படி ஆத்தா." பாண்டி கூட, "குடும்பத்துக்கே பெருமை" என்று எழுதினான். நானும் உச்சி குளிர்ந்துபோய் ஹெலனிடம் பீற்றிக்கொண்டேன்.

அன்று மாலையே தனித்தனியாக ஆரம்பித்துவிட்டார்கள். எங்களுக்கு மட்டும் ஒண்ணு. பாப்பாவோட மொதப் பொறந்தநாளு, இது வருமா திரும்பி? உனக்கு அஞ்சு நிமிசச் சோலிதானத்தா. எல்லோருக்கும் அவள் மற்றவர்களுக்குச் செய்யக்கூடாது, தங்களுக்கு மட்டும் செய்ய வேண்டும். சங்கவி ஒருவருக்கும் செய்யவில்லை. கைப்பேசி குளிர்சாதனப் பெட்டி மேலேயே கிடந்தது. அடுத்து வந்த இயற்பியல் தேர்வில் தேறினாள். பெரிய மதிப்பெண் இல்லை. ஆனால் அந்தத் தாளை எனக்குப் படம் பிடித்து அனுப்ப அவள் அம்மாவின் போனை வாங்கியிருந்தாள். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது உண்மை.

இந்த நேரம் பார்த்துத்தான் சித்தப்பாவின் முதல் நினைவு நாள் வந்தது.

5

அண்ணனும் மதினியும் பாண்டி வீட்டுக்கு நேரிலேயே போயிருக்கிறார்கள். படத்துக்கு மாலை போட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, மதினி கூடமாட நின்று பாத்திரம்கூடக் கழுவிக் கொடுத்திருக்கிறார். அது கணக்கில் வரவில்லை. அண்ணன் அங்கிருந்து நேராக மலைக்கு ஏறி, அன்று பறித்த காயோடு ஸ்டோருக்குப் போனபோதுதான் மெஷின் காலி இல்லை என்ற பதில் வந்திருக்கிறது. மெஷின் சும்மாதான் நின்றிருக்கிறது. அண்ணன் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்.

நான் பாண்டிக்குப் போன் செய்தேன். அடுத்த வகுப்புக்கு மணி அடிக்கப் போகிறது, ஒரு கையில் தேர்வுத்தாள் கட்டு.

"அக்கா! எப்படியிருக்கீக? மச்சான், நித்தின் எல்லாம் சொகமா?"

"எல்லாம் சொகம். பாண்டி, அண்ணன் காய் வெளிய கெடக்காமே."

"ஆமாக்கா. லோடு சாஸ்தி. என்னக்கா செய்யிறது?"

"மெஷின் ஓடலைன்னு சொன்னாக."

அவன் குரல் மாறியது. "அக்கா, நான் ஒண்ணும் கேக்கலை. சங்கவி, அவ அம்மா வழித் தாத்தாவுக்குப் போன வருசம் என்னமா செஞ்சா? பூவென்ன, விளக்கென்ன, பாட்டென்ன. ஊரே பாத்துச்சு. எங்கப்பா அவளத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சாரு. அவருக்கு ஒண்ணுமில்ல. எல்லாரும் என்கிட்ட கேக்குறாக, 'என்னடா முருகேசன் வீட்ல ஒரு ஸ்டேட்டஸக் காணோம், பேச்சுவார்த்தை இல்லையா'ன்னு. நான் என்னன்னு சொல்றது?"

"அவதான் பரீட்சைன்னு மொதல்லயே சொன்னாளே. நீயே குடும்பத்துக்குப் பெருமைன்னு எழுதுன."

"அது பொறந்தநாளுக்குக்கா. இது எங்கப்பா."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே வலித்திருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வெறும் வீம்பு என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். அப்பனை இழந்தவனைத் திட்டவும் முடியவில்லை, ஒரு பிள்ளையின் படிப்புக்குக் குறுக்கே நிற்கிறாயே என்று சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் மணி அடித்துவிட்டது. இருபடிச் சமன்பாடு நடத்தப் போனேன். சுவரில் 'உன் கைப்பேசி, உன் முடிவு' என்று இருந்தது. கிழித்துப்போடலாம் போல இருந்தது.

6

பள்ளி முடிவதற்குள் அண்ணன் மறுபடி கூப்பிட்டார். சாக்கைத் தொட்டால் சுடுகிறது என்றார். மலையிலிருந்து வீட்டுக்கே இறங்கி வந்து சங்கவியைக் கேட்டாயிற்றாம், முடியாது என்றுவிட்டாளாம். அவளை அடிக்கக் கை ஓங்கியதையும் சொன்னார். அடிக்கவில்லை, ஆனால் ஓங்கியிருக்கிறார்.

"நீங்க அவளை விடுங்கண்ணே. நான் செஞ்சு அனுப்புறேன். அவ போன்லேருந்து நீங்க போட்டுவிட்ருங்க" என்றேன். நேற்று நெட்டு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றும் நானே சொல்லிக்கொடுத்தேன். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. பிள்ளையின் படிப்பும் கெடாது, காயும் வெளுக்காது, பாண்டிக்கும் மனசு ஆறும்.

எனக்கு வீடியோ செய்யத் தெரியாது. என் மகன் நித்தினைக் கூப்பிட்டேன். பதினான்கு வயது. குடும்பக் குழுவை எப்போதோ நிரந்தரமாக ஊமையாக்கி வைத்திருப்பவன். விஷயத்தைச் சொன்னதும் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சங்கவி ஏன் அந்தக் குரூப்பை விட்டு வெளியே வரலை?"

"அப்படியெல்லாம் வர முடியாதுடா."

"ஒரு பட்டன்தானேம்மா."

ஒரு பட்டன்தான். அந்தப் பட்டனை அவன் எவ்வளவு சுலபமாக அமுக்கிவிட்டான் என்று நினைக்கும்போது எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அங்கே ஒருத்திக்கு எல்லோரும் வந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். இங்கே இவனுக்கு ஒருத்தரும் வேண்டாம். நடுவில் ஒரு அளவு இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஆனாலும் செய்து கொடுத்தான். நல்ல பையன்தான். நான் அனுப்பிய படங்களை வரிசையாக அடுக்கி, ஓரங்களை மங்கலாக்கி, மேலிருந்து ரோஜா இதழ்கள் விழ வைத்தான். சித்தப்பாவின் முகம் பெரிதாகி நிற்கிற இடத்தில் விளக்கைப் பொருத்தினான். அழகாக வந்திருந்தது. சங்கவி செய்தது என்றே சொல்லலாம். முடித்துவிட்டுத் திரும்பி, "இவர் யார்?" என்று கேட்டான்.

குழந்தையாக அவனை ஊருக்குக் கொண்டுபோயிருந்தபோது, குரங்கணிக்கு ஜீப்பில் கூட்டிப்போய், ஆற்றில் காலை நனைக்க வைத்து, ஈரத்தோடு தோளில் சுமந்து வந்தவர். அதைச் சொன்னேன். "ஓ" என்றான். அவன் அறைக்குப் போய்விட்டான். யாரென்று தெரியாத ஒரு மனிதருக்கு என் பிள்ளை பூத்தூவி முடித்திருந்தான். பதினைந்து வருடம் வெளிநாட்டில் இருந்து என்ன சம்பாதித்தேன் என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் அந்த வீடியோவைத்தான் காட்டியிருப்பேன்.

வீடியோவை அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் மதினியிடம் சொல்லி, மதினி சங்கவி பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் அவள் கைப்பேசியை எடுத்து ஏற்றிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பாண்டியிடமிருந்து கும்பிடுகிற கைகள், அழுகிற முகங்கள். மெஷின் காலியாகிவிட்டது. காய் உள்ளே போயிற்று. பாதிக்குக் கொஞ்சம் நிறம் மாறியிருந்தாலும் மீதி தப்பித்தது. உறவினர்கள் எழுதினார்கள்: "சங்கவி கைவண்ணமே தனி." "படிப்புக்கு நடுவுலயும் தாத்தாவ மறக்கலை பாத்தியா." நான் நிம்மதியாகச் சமைக்கப் போனேன்.

7

மறுநாள் சங்கவி அம்மாவின் போனிலிருந்து அழைத்தாள். எடுத்ததும் என்னைத் திட்டுவாள் என்று நான் நினைக்கவில்லை. அவள் திட்டவும் இல்லை. மெதுவாகத்தான் பேசினாள். அது அதைவிட மோசம்.

"அத்தை, கிளாஸ்ல எல்லாரும் கேக்குறாளுக. 'என்னமோ போட மாட்டேன்னு சொன்ன, இப்ப போட்ருக்க'ன்னு. பெரிய மாமா போன் பண்ணி, பாண்டி சித்தப்பா வீட்டுக்குன்னா செய்வ, எங்களுக்குன்னா பரீட்சையான்னு கேக்குறாரு. இப்ப எல்லாருக்கும் செய்யணும்."

"நான் செஞ்சு தர்றேன்டா. உனக்கு ஒரு சோலியும் கிடையாது. நித்தின் இருக்கான். நீ பாட்டுக்குப் படி."

"அது எனக்குப் புரியுது அத்தை. ஆனா நான் போடலைன்னு ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சாத்தான் நான் நிறுத்துனதா அர்த்தம். நீங்க என் பேர்ல போட்டுட்டீக. நான் நிறுத்தவே இல்லைன்னு ஆயிருச்சு."

அப்பா சாக்கோடு தவித்ததைச் சொன்னேன். காய் வெளுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். "எனக்குத் தெரியாதா அத்தை" என்றாள். படிக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டாள்.

மாணவர்களுக்கு நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒரு மாணவி தானாக ஒரு நல்ல பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து, நாலு பேரும் நல்ல எண்ணத்தோடு, அதை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டோம். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பாண்டிமேல், அண்ணன்மேல், அந்தச் சுவரொட்டியை அச்சடித்தவன்மேல், என்மேல். எல்லார்மேலும் கொஞ்சம் கொஞ்சம் படிந்து நின்றது. அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னதற்கு, அவர்மேலும் எரிந்து விழுந்தேன்.

8

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சங்கவி, பாண்டி சித்தப்பா வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பி நின்றாளாம். நினைவு நாளுக்கு வரவில்லை, ஒரு எட்டு போய்ப் படத்தைக் கும்பிட்டு வரட்டும் என்று அண்ணனும் வண்டியில் கூட்டிப் போயிருக்கிறார். படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டிருக்கிறாள். திரும்பியதும் பாண்டியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்:

"சித்தப்பா, தாத்தாவுக்கு வந்த வீடியோ நான் செஞ்சதில்ல. அத்தை வீட்ல செஞ்சு, அம்மா என் போன்ல ஏத்துனாக. நான் செஞ்சேன்னு நீங்க நெனைச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. தாத்தாவை நான் மறக்கலை. அதுக்குத்தான் நேர்ல வந்தேன். ஆனா பரீட்சை முடியிற வரைக்கும் யாருக்கும் போட மாட்டேன்."

"இவ இப்படிப் போட்டு ஒடைப்பான்னு நான் நெனைக்கவே இல்லத்தா" என்றார் அண்ணன். "பாண்டி என்னையப் பாக்குறான். நான் எங்கிட்டுப் பாக்கன்னு தெரியலை."

பாண்டியின் மனைவி சுமதிதான் நிலைமையைச் சமாளித்திருக்கிறாள். காபி போட்டுக் கொடுத்து, பிள்ளை இவ்வளவு தூரம் நேரில் வந்ததே பெரிசு என்று சொல்லி, சங்கவியைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்திருக்கிறாள். பிறகு கைப்பேசியை எடுத்து, "வா, தாத்தா படத்துக்கு முன்னாடி நின்னு ஒரு செல்பி எடுத்துக்குவோம். நீ வந்ததை நான் ஸ்டேட்டஸ் வச்சிர்றேன். கேக்குறவுக வாய அடைச்சிரலாம்" என்றிருக்கிறாள்.

இதைக் கேட்டதும் நான் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணனுக்கும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவ என்ன சொன்னா?"

"பரீட்சை முடியட்டும் சித்தின்னுட்டா. சுமதிக்கு மொகம் தொங்கிப்போச்சு. பாண்டி வாசல் வரைக்கும்கூட வரலை."

எனக்குப் பதறியது. "அப்ப காயி?"

"நேத்து காய் எடுப்பு. ஸ்டோர்ல ஆளு இல்லைன்னு சொல்லிட்டாக. வேற எடத்துக்குக் கொண்டுபோயி, அங்க ரெண்டு லோடுக்குப் பின்னாடி நின்னு போட்டேன். போய்ச்சேர்றதுக்குள்ள முக்கால்வாசி வெளுத்துப்போச்சு."

முக்கால்வாசி என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அண்ணன் ஏலக்காய் விஷயத்தில் எதையும் சாதாரணமாகச் சொல்கிற ஆள் இல்லை. எனக்குள் இருந்த டீச்சர் உடனே எழுந்துகொண்டாள். பாண்டியிடம் நான் இன்னொரு முறை பேசிப் பார்க்கிறேன் என்றேன். சுமதிக்குப் பிறந்தநாள் எப்போது என்று கேட்டேன், நித்தினிடம் சொல்லி என் பேரிலேயே நல்லதாக ஒன்று போட்டுவிடலாம் என்றேன். அறுவடை முடிகிற வரைக்குமாவது சமாளிக்க வேண்டாமா என்று அடுக்கிக்கொண்டே போனேன். அண்ணன் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"செல்வி, நீ ஒண்ணும் பேச வேணாம். ஒண்ணும் போடவும் வேணாம். போனை வையி. உள்ள புள்ள படிச்சுக்கிட்டு இருக்கு."